அப்பா சொன்னதில் பாதி

அத்தியாயம் 14

போன வாரம் விட்ட இடத்திலிருந்து பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. பூலாவயல் ஞானசேகர் வீட்டில் தகப்பனும் மகனும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அருண் ஜோசப் சோலார் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்த நாளிலிருந்து, அவன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் ஞானசேகர் சாப்பிட உட்காருகிறார். நடுவில் மெர்சி குழம்பை இரண்டு தடவை சுட வைக்கிறாள்.

அந்த வீட்டில் இரண்டு பக்கமும் பேசுகிற ஒரே ஆள் மகள் யூஜினியா. சென்னையில் முதுகலை இரண்டாம் வருடம். பருவநிலை மாற்றத்தின் அரசியல் என்பது படிப்பின் பெயர். ஊரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. ‘ஞானசேகர் மக வெயிலைப் பத்திப் படிக்குதாம்’ என்பார்கள். ‘அதுக்கு எதுக்கு மெட்ராசு வரைக்கும்? மத்தியானம் நம்ம கண்மாய்க்குள்ள வந்து நின்னாப் பத்தாதா?’ என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கேட்டவர்கள் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது இதே கண்மாயைத்தான். பங்குனி, சித்திரை வெயிலில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேட்டி எடுத்தாள். “பேரு போட மாட்டேன், ஊர்ப் பேரும் வராது” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் பலர் மனம்விட்டுப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து முதல் அத்தியாயத்தை எழுதி, ஒரு கருத்தரங்கிலும் வாசித்துக் கைதட்டு வாங்கிவிட்டாள்.

இன்றைக்குத் தேவகோட்டையில் கூட்டம்.

விஷயம் இதுதான். பூலாவயல் கண்மாய்க்கு மேற்கேயிருந்து மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்று உண்டு. அது ஓடுகிற புஞ்சைக் காடுகளைச் சோலார் கம்பெனி சுற்றி வளைத்து வாங்கிவிட்டது. போன வருடம் லாரி போக ரோடு போடுகிறேன் என்று வரத்துக்காலின் குறுக்கே மண்ணை அடித்து மேடாக்கியது. அப்போதிருந்து கண்மாய்க்குப் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. இப்போது அந்த வரத்துக்கால் புறம்போக்கையும் தனக்கே குத்தகைக்குத் தரச்சொல்லி மனுப் போட்டிருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் இன்று சொல்லலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. புறம்போக்கு கைமாறிவிட்டால் பூலாவயலுக்கு இனி விவசாயம் கிடையாது.

ஊருக்காகப் பேசப் போவது பாசன சங்கத் தலைவர் ஞானசேகர்.

காலையில் அவர் கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பொண்ணு பாக்கவா போறீக?”

“கூட்டத்துல முன்னாடி நிக்கணும்ல. கிழிஞ்சதைப் போட்டுப் போனா, ஏதோ உதவித்தொகை கேட்டு வந்துருக்கான்னு நெனைப்பாக.” ஞானசேகர் மகள் பக்கம் திரும்பினார். “ஏத்தா யூஜி, நீயும் வா. எனக்கு வயலு தெரியும், வாய்க்கா தெரியும். சட்டம் கிட்டம் பேசுனாகன்னா முழிப்பேன். படிச்ச பிள்ளை பக்கத்துல இருந்தாத் தெம்பு.”

யூஜினியாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று ஊரே கேட்டபோதெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் நின்றவள். இன்று அப்பாவே கேட்டுவிட்டார். தோள்பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

வேன் நிறைய ஆட்கள். கடைமடைக்காரர் மாயக்கண்ணன்தான் எல்லோரையும் தட்டி எழுப்பி வேன் பிடித்தவர். கண்மாயிலிருந்து கடைசியாகத் தண்ணீர் பாய்கிற வயல் அவருடையது. எனவே தண்ணீர் இல்லையென்றால் முதலில் காய்வதும் அவர்தான். வழியெல்லாம் அவர் குரல்தான் கேட்டது.

“எங்கண்ணன் ஒரு வார்த்தை பேசட்டும், கம்பெனிக்காரன் பொட்டியைக் கட்டிருவான் பாருங்க.”

ஞானசேகர் கூச்சத்தோடு வெளியே பார்த்துக்கொண்டார். ரோட்டோரம் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கும் வயல்கள். இன்னும் ஒரு மழைகூட இறங்கவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடையில் முந்தைய நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது. ஆட்சேபணை கேட்க வந்த வருவாய்த்துறை அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், மறுபக்கம் கம்பெனிக்காரர்கள். கம்பெனி வரிசைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் பெட்டியோடு அருண் ஜோசப் நின்றான். அப்பா உள்ளே வந்ததும் குனிந்து பெட்டியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டான்.

ஞானசேகர் நன்றாகவே பேசினார். சட்டம் பேசவில்லை. தன் தகப்பனார் காலத்தில் கண்மாய் நிறைந்து மறுகால் போன கதையைச் சொன்னார். வரத்துக்காலில் மண் அடித்த இடத்தைச் சொன்னார். “சூரிய மின்சாரம் வேணாம்னு சொல்லலைங்கய்யா. எங்க வீட்லயும் லைட்டு எரியணும்ல. தண்ணி வர்ற பாதையை மட்டும் விடச் சொல்லுங்க, பக்கத்துல எத்தனை தகடு வேணாலும் மாட்டிக்கிறட்டும்” என்று அவர் முடித்தபோது, அதிகாரியே தலையை ஆட்டினார். மாயக்கண்ணன் விசிலடிக்காத குறை.

யூஜினியா அப்பாவைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பெருமைக்கு ஆயுசு அவ்வளவுதான்.

கம்பெனி சார்பில் ஒரு பெண் எழுந்தார். கண்ணாடி போட்டவர், பணிவான குரல்.

“சார், ஐயா சொன்னதை நாங்க மதிக்கிறோம். ஆனா கண்மாய் வறண்டதுக்கு எங்க ரோடு காரணமில்லை. பருவநிலை மாற்றம்தான் காரணம். இதை நாங்களா சொல்லலை. இந்த ஊரிலேயே மாசக்கணக்கில் தங்கி எடுத்த ஒரு பல்கலைக்கழக ஆய்வு சொல்லுது. ஊர்ப் பெயரை மாத்தியிருக்காங்க, ஆனா எந்தக் கண்மாய்னு படிச்சா யாருக்கும் தெரியும்.”

அவர் தூக்கிக் காட்டிய தாள்களின் மேல் பக்கத்தை யூஜினியா தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். எழுத்துரு முதற்கொண்டு அவள் தேர்ந்தெடுத்தது.

போன மாதம் அருண் கேட்டான். ‘எங்க சார்ட்ட, என் தங்கச்சியும் இதைப் பத்தித்தான் படிக்குதுன்னு சொன்னேன். படிக்கணுமாம், அனுப்பி விடுறியா?’ என்றான். அவன் குரலில் அவ்வளவு பெருமை. அவளும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எழுதியதை யாராவது படிக்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்களுக்கு யார் கேட்டாலும் சந்தோஷம்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் சிரித்த முகத்தோடு நடக்கிறது.

“ஒரு விவசாயி சொன்னதை அப்படியே போட்டிருக்காங்க சார்,” என்று அந்தப் பெண் படித்தார். “‘மழையின் போக்கு மாறிவிட்டது. இந்தக் கண்மாய் செத்துவிட்டது. இனி இதை நம்பி விதைப்பவன் முட்டாள்.’ சொன்னவர் ஐம்பத்தெட்டு வயதானவர், அந்த ஊர்ப் பாசன சங்கத்தின் பொறுப்பில் இருப்பவர்னு குறிப்பு இருக்கு.”

அப்பாவின் பேச்சு இங்கிலீஷுக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் அது யாருடைய பேச்சு என்று மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பெயரைத்தான் யூஜினியா மாற்றியிருந்தாள். வயதையும் பொறுப்பையும் போடாவிட்டால் ஆய்வுக்கு நம்பகத்தன்மை இருக்காது என்று அவற்றை விட்டுவைத்திருந்தாள். பூலாவயலில் பாசன சங்கப் பொறுப்பில் ஐம்பத்தெட்டு வயதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சென்னையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குத் தோன்றவேயில்லை.

மாயக்கண்ணன்தான் முதலில் எழுந்தார்.

“ஏண்ணே, நீங்களா இப்படிச் சொன்னீக?”

ஞானசேகர் தாள்களைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

“சொன்னேன்,” என்றார்.

“கம்பெனிக்காரக கூட எப்பண்ணே பேசுனீக? நாங்கெல்லாம் ஒங்களை நம்பி வேன் பிடிச்சு வந்துருக்கோம், அங்குட்டு வேற பேச்சா?”

‘என் மகள்ட்ட வீட்டுல உக்காந்து பேசினேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஞானசேகர் அதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய கை சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

யூஜினியா எழுந்தாள்.

“சார், அந்தக் கட்டுரையை எழுதினது நான். அவர் எங்கப்பா. கம்பெனிக்காரங்ககூட அவர் பேசவே இல்லை, என்கிட்டதான் பேசினார்.”

மண்டபம் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரி கையமர்த்தினார். “சொல்லுங்கம்மா.”

“அவர் சொன்னது அதோட முடியலை சார். ‘மழை மட்டுமா கொன்னுச்சு, மேக்குட்டு வரத்துக்காலை அடைச்சதும்தான் கொன்னுச்சு. அந்த மண்ணைத் தோண்டிவிட்டா இருக்கிற மழைக்கே இன்னைக்கும் கண்மாய் பெருகும்’னு சொன்னார். அதை நான் அந்தக் கட்டுரையில் சேர்க்கலை.”

“ஏன் சேர்க்கலை?”

என்ன சொல்வாள்? முதல் அத்தியாயம் மழையைப் பற்றியது. ‘உள்ளூர்ச் சண்டையை மூணாவது அத்தியாயத்துக்கு வச்சுக்கோ, இங்கே கலந்தா வாதம் கலங்கிடும்’ என்று பேராசிரியர் சொன்னார். அவளும் சரியென்று வெட்டினாள். வெட்டிய பிறகு அந்தப் பத்தி உண்மையிலேயே அழகாக இருந்தது. கருத்தரங்கில் அதைப் படித்தபோது முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதையெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் எப்படிச் சொல்வது? ஆனாலும் பேராசிரியர் வெட்டச் சொன்னதுவரை பாதியைச் சொன்னாள்.

“சரி, அவர் பேசின ரெக்கார்டிங் இருக்குமே?”

“இல்லை சார். அழிச்சிட்டேன்.”

“அழிச்சீங்களா?”

“எழுதி எடுத்ததும் குரல் பதிவையெல்லாம் அழிச்சிடணும்னு எங்க நெறிமுறைக் குழு விதி இருக்கு சார். பேசினவங்களுக்குப் பின்னால ஒரு தொந்தரவும் வந்துடக் கூடாதுன்னு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கம்பெனிப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நீங்க எழுதியிருக்கறது பொய்யா மேடம்?”

பொய் என்று சொல்லலாம். சொன்னால் படிப்பு போகும். போனால் போகட்டும் என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அப்பா ஏற்கெனவே எழுந்து ‘சொன்னேன்’ என்று ஊர் நடுவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவள் பொய் என்றால், அவரும் பொய்யர் ஆவார்.

“இல்லை. உண்மைதான்.”

“அவ்வளவுதான் சார்,” என்று அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரிக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “ரெண்டையும் எழுதிக்கிறேம்மா,” என்றார். “ஆனா ஒண்ணு அச்சில் இருக்கு. இன்னொண்ணு அவரோட மகள் இப்போ சொல்றது. எழுதி வச்ச குறிப்பைக் கொண்டுவந்தாலும் அதுவும் மகள் எழுதினதுதான். மேலே இருக்கிறவங்க எதை எடுத்துப்பாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.”

வெளியே வந்தபோது ஊர்க்காரர்கள் வேனில் ஏறிவிட்டிருந்தார்கள். ஏறாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நகர்ந்து இடம் கொடுக்கவும் ஒருவரும் இல்லை. ஞானசேகர் கொஞ்ச நேரம் படிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, “எங்களுக்குக் கடைத்தெருவுல சோலி இருக்குப்பா, நீங்க போங்க” என்றார். வேன் கிளம்பிப் போயிற்று.

கடைத்தெருவில் ஒரு சோலியும் இல்லை. தகப்பனும் மகளும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். திட்டினால் தேவலை என்று யூஜினியாவுக்கு இருந்தது. அவர் திட்டவில்லை.

“ஏத்தா.”

“என்னப்பா?”

“அன்னைக்கு நான் அதுக்குப் பெறகும் பேசுனேன்ல? வரத்துக்காலைப் பத்தி?”

“பேசுனீகப்பா.”

“நெசமாத்தானே? ஒங்கப்பனைக் காப்பாத்தணும்னு அங்க சொல்லலையே?”

“இல்லப்பா. நெசமாவே சொன்னீக.”

அவர் பெருமூச்சு விட்டார். “அந்தம்மா படிச்சதைக் கேட்டதும், நான் அம்புட்டுத்தான் சொன்னேனோன்னு எனக்கே பயமாப் போச்சு. ஒருவேளை ரோட்டைப் பத்தி நெனைச்சுக்கிட்டே இருந்துட்டு வாயால சொல்லாம விட்டுட்டேனோன்னு.”

தன் பேச்சின் மேல் அப்பாவுக்கே சந்தேகம் வரும்படி செய்துவிட்டோமே என்று யூஜினியா நினைத்தாள்.

“அதையும் எழுதியிருக்கலாம்லத்தா,” என்றார் அவர். கோபமே இல்லாமல் கேட்டார்.

“மூணாவது அத்தியாயத்துல வரும்ப்பா.”

“அது எப்ப வரும்?”

“இன்னும் எழுதலை.”

அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்தது.

வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மெர்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“உள்ளுக்குள்ள உக்காந்து அப்பனும் மகளும் பேசுனதை ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுறதுக்குப் பேரு படிப்பா? ஒனக்கு யாரு இதையெல்லாம் படிக்கச் சொன்னது?” கத்திவிட்டு, அடுத்த நிமிடமே தலையில் அடித்துக்கொண்டாள். “நான்தானே சொன்னேன். மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி, சீட்டுக் கெடைக்கணும்னு அழுதவ நான்தானே!”

“விடு மெர்சி,” என்றார் ஞானசேகர். “பிள்ளை ஒண்ணும் இட்டுக்கட்டலை. நான் சொன்னதைத்தான் எழுதுச்சு.”

“அருண் எங்கம்மா?” என்று யூஜினியா கேட்டாள்.

“மத்தியானமே போன் பண்ணேன். அணைச்சு வச்சுருக்கான்.”

அன்றைக்குக் குழம்பை இரண்டு தடவை சுட வைக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் சாப்பிடவில்லை. யூஜினியா மடிக்கணினியைத் திறந்து மூன்றாவது அத்தியாயம் என்று தலைப்பிட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். எழுதினால் ஆய்வேடு முழுமையாகும். தேர்வாளர் நாலு கேள்வி கேட்பார், பட்டம் வரும். கண்மாய்க்குத் தண்ணீர் வராது. இந்தப் பூமி எப்படிச் சூடாகிறது, அதில் யார் லாபம் பார்க்கிறார்கள், யார் தலையில் விடிகிறது என்று இரண்டு வருடமாகப் படித்திருக்கிறாள். விடிவது தன் அப்பா தலையில் என்றும், அதற்குத் தானே ஒரு கை கொடுத்திருக்கிறோம் என்றும் எந்த வகுப்பிலும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மடிக்கணினியை மூடினாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மாயக்கண்ணன் வந்தார். வாசலுக்கு உள்ளே வராமல் நின்றார்.

“வா மாயா, உள்ள வா,” என்றார் ஞானசேகர்.

“இல்லண்ணே. இப்படியே நிக்கிறேன்.” அவர் தரையைப் பார்த்துப் பேசினார். “ஊர்ல கூடிப் பேசுனாக. மடைச் சாவியை வாங்கிட்டு வரச் சொன்னாக.”

மெர்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மடைச் சாவி என்பது கண்மாய் மடையின் ஷட்டரைத் திருகித் திறக்கும் இரும்புக் கைப்பிடி. பாசன சங்கத் தலைவர் வீட்டில்தான் அது இருக்கும். தலைவர் மாறினால் பழைய தலைவரே அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் புதியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அல்லது அவர் செத்தால், பதினாறாம் நாள் முடிந்து பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாரும் வந்து கேட்டு வாங்கியதாகப் பூலாவயலில் பேச்சே கிடையாது.

ஞானசேகர் எழுந்து உள்ளறைக்குப் போனார். மெர்சி அவர் பின்னாலேயே ஓடினாள்.

வாசலில் யூஜினியாவும் மாயக்கண்ணனும் மட்டும் இருந்தார்கள். அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். காலையில் மண்டபத்தில் கேட்ட குரல் இல்லை அது.

“ஏத்தா, என்ட்டயும் பேசுனியே. நான் சொன்னதையும் எழுதிட்டியா?”

அவளுக்கு நினைவிருந்தது. பங்குனியில் ஒருநாள், அவருடைய மாட்டுக் கொட்டத்தில். வரத்துக்கால் குறுக்கே ஓடுகிற தன் மேற்குப் புஞ்சையை ரகசியமாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். லாரி ரோட்டுக்கு முதலில் மண் அடித்தது அந்தப் புஞ்சையில்தான். ஊருக்குத் தெரிந்தால் காறித் துப்புவார்கள் என்று சொல்லிவிட்டு அழுதார். கடைமடையில் காய்ந்து சாகிறவன் வேறு என்ன செய்வான் என்று கேட்டார். அவள் பதிவை நிறுத்திவிட்டு, ‘இது வெளியே போகாது’ என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்.

“எம்பேரு வராதுல்லத்தா?”

உள்ளே பரணிலிருந்து இரும்பை இறக்கும் சத்தம் கேட்டது. இப்போது அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை தெருவுக்குக் கேட்கும்படி சொன்னால் போதும், இந்த ஆள் கையில் அப்பா சாவியைக் கொடுக்க வேண்டியிருக்காது. காலையில் அப்பாவை ஊர் நடுவே நிறுத்தியாயிற்று. இப்போது இவர் முறையா? அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகத்தில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

“வராது சித்தப்பா,” என்றாள் யூஜினியா.

ஞானசேகர் வந்தார். பழைய துண்டால் துடைத்துச் சுத்தமாக்கிய கைப்பிடியை இரண்டு கையாலும் ஏந்தி மாயக்கண்ணனிடம் கொடுத்தார்.

“மழை எறங்குறதுக்கு முன்னாடி எண்ணெய் போட்டு வையி மாயா,” என்றார். “தண்ணி வர்ற நேரத்துல மடை தெறக்காமப் போயிறக் கூடாது.”